கார்ப்பெட்டுக்கு வெயில் காட்டிய கதை

ஒரு பாடத்தைப் படிப்பிக்கிறவனுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. நானே சாட்சி. அப்புத்தளையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மஞ்சள் பூசிய கடதாசியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்தால் சிவப்பாகும், தேசிக்காய் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன். அது என் மண்டையில் ஏறுவதற்கு மட்டும் ஒரு கார்ப்பெட் தேவைப்பட்டது. அதுவும் அடுத்தவர் வீட்டுக் கார்ப்பெட்.

அப்போது கல்யாணம் முடித்து ஆறு மாதம். நானும் என் மனைவி புனிதாவும் டவுனில் வாடகை வீடு தேடி அலைந்தோம். மூன்று இடங்களில் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்கள். லுணுகலைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், "மகன் வரப் போறான், அவனுக்கு வேணும்" என்றார்கள். (மூன்று வீட்டு மகன்களும் ஒரே வாரத்தில் வருகிறார்களாம்!) நாலாவதாகப் போனது ரஹீம் நானா வீட்டுக்கு. டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி எங்களை வாசலில் நிற்க வைத்துப் பேசவில்லை. உள்ளே உட்கார வைத்து, தேத்தண்ணி தந்து, "மேல ரெண்டு ரூம் சும்மாதான் கிடக்குது, வாங்க. என்னைய பரீதா தாத்தான்னே கூப்பிடுங்க" என்றார். எந்தத் தோட்டம் என்று இன்றுவரை கேட்கவில்லை.

(முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள், அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். நான் ஏதோ ஒரு தாத்தா வீட்டில் குடியிருப்பதாக நினைத்த என் அப்பா, "பெரியவருக்கு வெத்தல வாங்கிட்டுப் போப்பா" என்றார்.)

ஒரு மார்கழியில் அவர்கள் இருவரும் கொழும்புக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள். நாலு நாள். சாவியைத் தந்து, "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க" என்றார் தாத்தா. நான் அப்படியே நினைத்துக்கொண்டேன். அதுதான் பிழை. கீழே ஹோலில் பெரிய டிவி. அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச். டிவிக்கு முன்னால் தாத்தாவின் தம்பி கட்டாரிலிருந்து கொண்டு வந்த கார்ப்பெட், பால் கொஞ்சம் கூடின தேத்தண்ணி நிறத்தில்.

"ஏங்க, அங்க வெச்சுச் சாப்பிடாதீங்க. பருப்புக் கறி" என்றாள் புனிதா.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

கடைசி ஓவரில் ஒரு சிக்ஸர். நான் துள்ளி எழுந்தேன். மடியில் இருந்த சோற்றுப் பீங்கானும் கூடவே எழுந்தது. நான் மட்டும்தான் நின்ற நிலையில் இறங்கினேன்.

விஞ்ஞான ஆசிரியன் பதறலாமா? பேசினில் உடுப்புக் கழுவும் பவுடரைக் கரைத்து, பிரஷை எடுத்துத் தேய்த்தேன். உள்ளங்கையளவு மஞ்சள், என் கண் முன்னாலேயே இரத்தச் சிவப்பானது. இன்னும் பவுடர் போட்டேன். இன்னும் சிவந்தது. பத்து நிமிடத்தில் ஹோலில் ஆட்டை அறுத்த மாதிரி இருந்தது.

புனிதா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, நீங்க பிள்ளைங்களுக்குக் காட்டுற மஞ்சக் கடதாசி இதுதானே?"

நான் பிரஷைக் கீழே வைத்தேன். அவளே கத்தியை எடுத்து ரெண்டு தேசிக்காய் வெட்டிப் பிழிந்தாள். சிவப்பு பின்வாங்கி மஞ்சளுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கறையைப் பார்த்து "அப்பாடா" என்றேன்.

"மஞ்சக் கறை வெயிலுக்குத்தான் போகும்" என்றாள். அவள் ஹாலிஎலக்காரி. அங்கே வெயில் உண்டு. அப்புத்தளையில் ஒரு வாரமாகச் சூரியன் லீவில் இருந்தது. மறுநாள் பகல் முழுக்கக் காத்திருந்தோம். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

பொழுது சாய்கிற நேரம் புனிதா மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா, தோட்டத்து ஆளுங்களுக்கு வீடு குடுத்தா இப்பிடித்தான்னு யாராவது அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க. அதுதாங்க எனக்குப் பயம்."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மலைக்குக் கீழ, வெல்லவாயவில வெயில் இருக்கும்" என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன ஒரே சரியான விஞ்ஞானம் அதுதான்.

விடிந்ததும் கார்ப்பெட்டைச் சுருட்டி, அழுக்குப் படக் கூடாது என்று வெள்ளைப் பெட்ஷீட்டில் சுற்றி, ரெண்டு முனையிலும் நடுவிலும் கயிறு கட்டி, ஆளுக்கொரு பக்கம் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். எதைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கிறோம் என்பது பஸ் ஸ்டாண்டில்தான் புரிந்தது. ஒரு மனிதர் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினார். பஸ்ஸில் ஏறியதும் ஓர் அம்மா எழுந்து இடம் கொடுத்தார்.

"வெச்சுக்கிட்டு உக்காருங்க தம்பி. யாரு, பெரியவங்களா?"

"கார்ப்பெட்டுங்க."

"பேரே வெள்ளக்காரப் பேரா இருக்கே! தொரை வீட்டு ஆளுங்களா?"

புனிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா அவள் தோளைத் தடவி, "அழுவாத புள்ள" என்றார்.

கொஸ்லந்தை தாண்டியதும் பனிமூட்டம் கலைந்தது. வெல்லவாயவில் இறங்கினால் கண் கூசுகிற வெயில்! ரோட்டோர வீடு ஒன்றில் ஒரு சிங்களப் பெண் முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, "அவ்வ டிக்கக் தெனவத?" என்று கேட்டேன். கொஞ்சம் வெயில் தருவீர்களா என்று, சீனி கேட்பது போல. அவர் என்னைப் பார்த்தார், தோளில் இருந்ததைப் பார்த்தார், கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே கார்ப்பெட் என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நெல்லை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பாதி முற்றத்தை எங்களுக்குத் தந்தார். பெயர் சோமலதா. மத்தியானம் சோறும் தந்தார். பருப்புக் கறியோடு. (என்னை மாமரத்தடிக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னாள் புனிதா.) மூன்று மணிக்கு மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு நாள் முன்னதாகவே ரஹீம் நானாவும் தாத்தாவும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கண்டது இது: குசினியில் அடுப்புப் பக்கத்தில் பேசின் நிறையச் சிவப்புத் தண்ணி. (ஊற்ற மறந்துபோனேன்.) பக்கத்தில் கத்தி. ஹோலில் கார்ப்பெட் இல்லை. எங்களைக் கூப்பிட்டால் போன் ரெண்டும் மாடியில் கிடந்து அடிக்கிறது. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "காலங்காத்தால ரெண்டு பேரும் வெள்ளத் துணியில நீளமா எதையோ சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க" என்றிருக்கிறார்.

நாங்கள் ரெண்டு பேரும் நடந்து போனதைக் கண்டவர் இருந்ததால், செத்தது யார் என்பதில்தான் குழப்பமாம். "மாஸ்டர் கோழி அறுக்கிறதப் பாக்கவே பயப்படுவாரு" என்று எனக்காகப் பேசியது ரஹீம் நானா மட்டும்தான்.

ஐந்து மணிக்கு, பனிமூட்டத்துக்குள்ளிருந்து நாங்கள் இருவரும் அதே வெள்ளைச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பினோம். கேட்டடியில் ஏழெட்டுப் பேர். நடுவில் நின்ற பரீதா தாத்தா நெஞ்சில் கை வைத்துக் கத்தினார்:

"அல்லாவே! திருப்பிக் கொண்டு வாறாங்க!"

ஹோலில் கார்ப்பெட்டை விரித்து, சிக்ஸரிலிருந்து சோமலதா வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தாத்தா குனிந்து கறையைத் தேடினார். கறை இல்லை. ஆனால் நாங்கள் தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளை வெளேரென்று இருந்தது. சுற்றிலும் இருந்ததுதான் அழுக்கு. தேத்தண்ணி நிறம் என்று நான் நினைத்தது பல வருடத்துத் தூசி.

"இது வெள்ளையா?" என்றார் தாத்தா.

"கட்டார்ல இருந்து வரக்குள்ள வெள்ளையாத்தான் இருந்திச்சி" என்றார் நானா.

தாத்தா சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் கார்ப்பெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். புனிதா மட்டும் அழுதாள். "எங்கள வீட்ட விட்டுப் போகச் சொல்லிறாதீங்க தாத்தா."

தாத்தாவின் சிரிப்பு நின்றது. அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "பைத்தியமா புள்ள? ஒரு கறைக்காக மையத்து மாதிரி வெல்லவாய வரைக்கும் தூக்கிட்டுப் போன ஆக்கள விட்டுட்டு, நான் வேற ஆரத் தேடுற?"

அடுத்த வாரமே நானாவின் வேனில் மறுபடி வெல்லவாயவுக்குப் போனோம், மிச்சக் கார்ப்பெட்டையும் வெள்ளையாக்க. இப்போதெல்லாம் ஒவ்வொரு பெருநாளுக்கு முன்னும் ரெண்டு குடும்பமும் சோறு கட்டிக்கொண்டு போகிறோம். சோமலதா முற்றத்தைக் கூட்டி வைத்திருப்பார். இப்படி மூன்று வீட்டுச் சொந்தம் கிடைக்கும் என்றால் எத்தனை பீங்கானையும் கவிழ்க்கலாம்.

மகள் பிறந்தபோது பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொண்டு வந்தோம். கேட்டடியில் காத்து நின்ற தாத்தா, எங்களைக் கண்டதும் ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார்: "அல்லாவே! கொண்டு வாறாங்க!" பக்கத்து வீட்டு அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

புனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க தாத்தா, தையல் வலிக்குது" என்றாள்.