மாமாவைச் சிரிக்க வைத்த படம்

கல்யாணம் நிச்சயமான பிறகு, தாலி கட்டும் நாள் வரைக்கும் ஆண்பிள்ளைக்குத் தேவையில்லாத ஒரு தைரியம் வரும். அதை அடக்கி வைப்பது நல்லது. எனக்குச் சொல்ல ஆளில்லை.

அப்போது தக்கலையில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தேன். பெண் குளச்சல், பெயர் ஜெசி. அவளுடைய அப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். பேச வேண்டியதையெல்லாம் காலையிலேயே அங்கே கத்தித் தீர்த்துவிடுவார். வீட்டில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. (ஜெசியும் பார்த்ததில்லையாம்.) இந்த மனுஷனைச் சிரிக்க வைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பியதுதான் வினை.

நாகர்கோவிலில் அடிதடியும் காமெடியும் கலந்த புதுப்படம் ஒன்று வந்திருந்தது. ஏற்கெனவே பார்த்தவன் மாதிரி, "வயிறு நோவ சிரிக்கலாம் மாமா, வாருங்கோ" என்று மாமா, அத்தை, ஜெசி மூவரையும் பகல் ஆட்டத்துக்கு இழுத்துப் போனேன்.

கதாநாயகன் கல் தடுக்கி விழுந்தான். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து மறுபடி விழுந்தான். ரவுடிகள் பறந்தார்கள்; பறக்கும்போதே ஆளுக்கொரு கடி ஜோக் வேறு சொன்னார்கள். பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார் (தியேட்டரில் நிம்மதியாக இருந்த ஒரே ஆத்மா). மாமா, கெட்டுப்போன மீனைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். தின்று முடித்துவிட்டு, "படம் எப்ப தொடங்கும்?" என்று கேட்டார்.

அதோடு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. நாம் முதலில் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. திரையில் கதாநாயகனின் அம்மா மாடிப்படியில் உருண்டு வந்தாள். அதுவரை ரவுடிகள் உருண்ட அதே உருளல். நான் தொடையில் தட்டி, தியேட்டர் அதிரச் சிரித்தேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. வயலின் கேட்டது. பக்கத்தில் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே," என்றார் மாமா மெதுவாக. "அது தாயாக்கும். செத்துப் போச்சு."

"காமெடின்னு நெனச்சேன் மாமா."

"பெத்தவ சாவது காமெடியா?"

மறுநாள் ஜெசி போனில் அழாத குறை. "எதுக்கு அப்பிடிச் சிரிச்சியோ? 'நான் செத்தாலும் இவரு இப்பிடித்தான் இளிப்பாரு'ன்னு அம்மை சொல்லுதா."

"அப்பா?"

"ஒண்ணும் பேசல்ல."

"அது எப்பவும் உள்ளதுதானே?"

"இது வேற மாதிரி பேசாம இருக்காரு."

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், அவர்கள் ஊர் மாதா கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு. பங்குச் சாமியார் இரண்டு பேரின் பெயரையும் வாசித்து, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்றார். நான் முன்வரிசையில் இருந்த மாமாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு அசைந்தது. எழுந்திருக்கப் போகிறார் என்று மாதாவைக் கூப்பிட்டேன். முதுகு குலுங்கியது. பிறகு, துறைமுகம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் கோயில் முழுக்கச் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை முறைத்தும் நிற்கவில்லை. சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "சாமியார் உம்ம பேரைச் சொன்னதும், அந்தப் பொம்பள உருண்டது நெனப்புல வந்துட்டு மாப்ளே!"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் இன்றைக்கும் சொந்தத்தில் ஒரு துக்க வீடு என்றால் அத்தை என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார். "மருமவனே, நீங்க வெளிய பந்தல்ல இருங்கோ. உள்ள வரண்டாம்."

மாமா பக்கத்து நாற்காலியை எனக்காகத் துடைத்துக் கொடுப்பார். அவரை அத்தை எனக்கு முன்னாலேயே வெளியே அனுப்பியிருப்பார்.