மஞ்சள் கடுதாசியும் ஒரு பழைய லேத்தும்

மஞ்சள் கடுதாசி கொடுத்த மறுநாளே கிருபாசங்கர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: கொடுப்பது என்றால் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது. சிங்காநல்லூரில் பம்ப் கம்பெனி நடத்தி நொடித்துப்போன மனிதருக்கு மிச்சமிருந்த சொத்து அந்தப் பெருந்தன்மை ஒன்றுதான்.

சட்டம் அத்தனை வீராப்பு பார்ப்பதில்லை. கடனாளியின் சட்டி பானை, பாய் தலையணை, மனைவியின் தாலி, கையால் பிழைக்கிறவனின் கருவி, இவற்றில் கை வைக்காதே என்கிறது. வக்கீல் இதைச் சொன்னபோது கிருபாசங்கர் கேட்டது பாதி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மோகனப்பிரியா கேட்டது முழுசும்.

"ஊட்டுக்குப் பின்னால இருக்கற சின்ன லேத்தையும் குடுத்தர்றேன் அம்மணி."

அது அவர் தொழில் தொடங்கியபோது வாங்கிய முதல் கடைசல் இயந்திரம்.

"அது உங்க கைத்தொழில் கருவிங்க. வெச்சுக்கலாமுங்க."

"நான் அதைத் தொட்டே பல வருசமாச்சு. ஏசி ரூம்ல சுத்தற சேர்ல உக்காந்திருந்தவன் லேத் ஓட்டறேன்னு சொன்னா, கோர்ட் அமீனா சிரிப்பாரு."

"செரிங்க."

கல்யாணமான நாள் முதல் அவள் இவ்வளவு சுருக்கமாக ஒத்துப்போனதில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஜப்தி செய்யவேண்டிய சாமான்களைக் குறித்துக்கொள்ள அமீனா வருகிற நாளன்று காலை, கிரைண்டர் நின்றுபோனதாகச் சமையலறையிலிருந்து சேதி வந்தது. கிரைண்டர் தண்டு சுழலும் வெண்கல வளையமான புஷ் ஒன்றை, தேய்ந்துபோனதை, மோகனப்பிரியா அவர் முன்னால் வைத்தாள். "புதுசா ஒண்ணு கடைஞ்சு குடுங்க. கம்பெனி போனாலும் இட்லி வேணுமில்லைங்க."

கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றார். எதைக் கொண்டு என்று அவள் கேட்கவில்லை, பார்த்தாள்.

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு லேத்தின் முன்னால் நின்றார். முதலில் கை தயங்கியது. வெண்கலச் சீவல் சுருள் சுருளாக விழத் தொடங்கியதும் கடன்காரர்கள் ஒவ்வொருவராக மறந்துபோனார்கள். கொஞ்ச நேரத்தில் சீட்டியடிக்கவும் செய்தார்.

பின்னால் வந்து நின்ற அமீனாவை அவர் கவனிக்கவே இல்லை. கம்பெனியிலிருந்த பெரிய இயந்திரங்களையும் சுழல் நாற்காலியையும் குறித்துக்கொண்டு வந்தவர் அவர். பனியன் முழுக்க எண்ணெயோடு நின்ற ஆள் யாரென்று மோகனப்பிரியாவிடம் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரருங்க. இனி இந்த லேத்துலதானுங்க பொழப்பே."

அமீனா லேத்தைக் குறிக்காமலே போய்விட்டார்.

விஷயம் புரிந்ததும் கோபப்படத்தான் கிருபாசங்கர் நினைத்தார். ஆனால் உள்ளங்கையில் புஷ் இன்னும் சூடாக இருந்தது. அதைப் பொருத்திவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம் என்று சமையலறைக்குள் போனார். கிரைண்டர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாவு பாதி அரைபட்டிருந்தது.

"அப்ப இந்தப் புஷ் யாரோடது கண்ணு?"

"பக்கத்து ஊட்டு சபுராக்காளோடதுங்க," என்றாள், மாவைத் தள்ளிவிட்டபடியே. "கூலி நேத்தே வாங்கிப்போட்டனுங்க."