லொள் டாக்டர் சுட்ட ஈரல் பணியாரம்

இலங்கையில் நாய்களுக்காகத் தீபாவளிப் பலகாரம் சுட்ட ஒரே மனுஷர் எங்கள் தோட்டத்து லொள் டாக்டர்தான். இல்லை, எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார் என்று யாராவது கிளம்பினால், அந்த ஆள் பலகாரத்தை முதலில் தானே தின்று பார்த்தாரா என்று கேட்பேன். இவர் தின்று பார்ப்பார்.

வட்டவளைக்கு மேலே, மழையும் அட்டையும் ஓயாத தோட்டம் அது. நான் ஆபீசில் சின்னக் கிளாக்கர். அவர் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர், தனிக்கட்டை. காய்ச்சல், வயிற்றுவலி, மாமியார் சண்டை, எதற்குப் போனாலும் ஒரே ரோஸ் நிற மிக்சர்தான். அதைக் குடித்தவர்கள் பிழைத்தார்கள். கசப்புக்குப் பயந்து சாக்கடைக் கானில் ஊற்றியவர்கள் இன்னும் சீக்கிரமாகப் பிழைத்தார்கள். மனுஷர்களை 'வா, போ' என்பார். நாய்களை மட்டும் 'வாங்க, உக்காருங்க, காலு வலிக்குதா?' என்று விசாரிப்பார். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் அவருக்கு லொள் டாக்டர் என்று பேர் வைத்ததில் என்ன ஆச்சரியம்!

நாயின் மேல் எவ்வளவு பிரியமோ, கள்ளின் மேல் அவ்வளவு வெறுப்பு. மருந்துக்கு வருகிற ஆம்பிளைகளை வாசலிலேயே நிறுத்தி, "ஊது!" என்பார். ஊதியதில் வாசம் அடித்தால் மருந்துக்கு முன்னால் ஒரு பிரசங்கம் நடக்கும். "ஈரல் வெந்து போகும்டா, பாவி!" இதைக் கேட்டுக் கேட்டே தலைவலி கூடித் திரும்பிப் போனவர்கள் அநேகம்.

பலகாரம் சுடுவது வேடிக்கைக்காக ஆரம்பித்ததில்லை. ஒரு தீபாவளிக்குச் சீனவெடிச் சத்தம் தாங்காமல் லயத்து நாய்கள் எல்லாம் மலைக்கு மேலே காட்டுக்குள் ஓடிவிட்டன. மற்றவை வந்து சேர்ந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. சிறுத்தைப்புலி அடித்துவிட்டது.

"நமக்குத்தான் தீபாவளி, கிளாக்கர். அதுகளுக்கு அது யுத்தம்," என்றார் டாக்டர் என்னிடம். "வெடி போடுற நேரத்துல நல்லா சாப்பாட்டக் குடுத்து ஒரு இடத்துல உக்கார வச்சிட்டா, ஏன் ஓடப்போவுது?"

அடுத்த தீபாவளிக்கு முறுக்கு சுட்டார். உப்பில்லாத, காரமில்லாத, ஆனால் கருங்கல்லுக்கு ஈடான முறுக்கு. கொழுந்து பறிக்கிற மாரியாயியின் நாய் கருப்பன் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, இது வேலைக்காகாது என்று குழி தோண்டிப் புதைத்தது. மாரியாயி இன்னொன்றை எடுத்துக் கதவு ஆடாமல் இருக்க அடியில் சொருகினாள். வெகுகாலம் நின்றது.

அதற்கடுத்த வருஷம் கருவாட்டு உருண்டை. வாசனை மலை இறங்கிப் போயிருக்க வேண்டும். நாய்கள் வருவதற்குள் தோட்டத்து இரண்டு டிவிஷன் பூனைகளும் காக்கைகளும் வந்து முடித்துவிட்டன.

மூன்றாவது முயற்சிதான் ஈரல் பணியாரம். குரக்கன் என்கிற கேழ்வரகு மா, தேங்காய்ப்பூ, பொடியாய் நறுக்கிய ஆட்டு ஈரல். தீபாவளிக்கு முதல் நாள் நான் போனபோது, ஒரு பணியாரத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார்.

"என்னங்க ஐயா, நீங்களே திங்கிறீங்க?"

"பின்ன? அது வாயத் திறந்து, 'ஐயா, ஈரல் காணாது'ன்னு சொல்லுமா?" மென்று விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஈரல் போதும். ஆனா மா பொங்கல. இந்தக் குளிர்ல எங்க பொங்குறது! இதுவும் முறுக்காட்டம்தான் இருக்கு."

அதற்கு மேல் அவர் என்ன செய்தார் என்பது மறுநாள்தான் ஊருக்குத் தெரிந்தது.

தீபாவளியன்று காலையில் டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையில் விருந்து. பணியாரம் பஞ்சாய் இருந்தது. நாய்கள் சண்டையில்லாமல் தின்றன. பங்களாவிலிருந்து தோட்டத்துத் துரையின் நாய் ரெக்ஸ்கூட, கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, வெடியில் கையைச் சுட்டுக்கொண்ட ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீதி மாவு இருந்த பெரிய பானையை அப்படியே வைத்துவிட்டு, டாக்டர் முன்பக்கம் ஓடினார்.

மத்தியானம் நான் பலகாரத் தட்டோடு அவரைப் பார்க்கப் போனபோது, கொட்டகை வாசலில் தோட்டமே கூடியிருந்தது. உள்ளே அத்தனை நாயும் நாலு காலையும் நீட்டிக் கிடந்தன. ரெக்ஸின் நாக்கு வெளியே தொங்கியது. பானை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

மாரியாயி கருப்பனை மடியில் போட்டுக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எஞ்சாமி! நல்ல நாளும் அதுவுமா எம்புள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க ஐயா?"

"வெசம்தான்! மருந்து அலமாரியில இல்லாத வெசமா?" என்றது ஒரு குரல். பின்னாலிருந்து வேறொருவன், "தொரை நாயும் போச்சு. ஆளு இன்னைக்கே பெட்டியக் கட்ட வேண்டியதுதான்," என்றான்.

டாக்டர் சுவரோடு ஒட்டி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. மாரியாயியைப் பார்த்தார், கருப்பனைப் பார்த்தார். அப்புறம் கும்பிடுவது போலக் கையை வைத்துக்கொண்டு, "வெசம் இல்ல தாயி," என்றார். "கள்ளு."

"கள்ளா?" என்றது கூட்டம்.

"மா பொங்கணும்னு கித்துள் மரத்துக் கள்ளு வாங்கி ஊத்தினேன். ஆப்பத்துக்கு ஊத்துவாங்கல்ல, அந்த மாதிரி. குளிருக்குப் போதலன்னு இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். அடுப்போரமா வச்சேன். சுட்டதுல ஒண்ணுமில்ல. சுடாத மாவக் குடிச்சிருச்சிங்க."

ஒரு ஆளாவது நம்பினானா? அதுதான் இல்லை! "ஐயாவாவது கள்ளாவது! வெசத்த மறைக்கப் பொய் சொல்றாரு!" என்று கத்தினார்கள். இருபது வருஷப் பிரசங்கம் அவர் கழுத்தைப் பிடித்துவிட்டது. அந்த மனுஷர் கள்ளு வாங்கியதற்குச் சாட்சி தேடி ஊரெல்லாம் கண்ணால் துழாவியதை நான் பார்த்தேன். ரோஸ் மிக்சர் போத்தலில் மறைத்து அல்லவா வாங்கி வந்திருக்கிறார்! சாட்சிக்கு எங்கே போவது?

அப்போது மாரியாயி குனிந்து கருப்பனின் வாயை முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். அழுகை சட்டென்று நின்றது.

"அடி ஆத்தே! இது சாவுற வாசம் இல்லடி," என்றாள். "இது எம்புருசன் வாசம்!"

கருப்பன் ஒரு விக்கல் விக்கியது.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு பேக்டரி வரைக்கும் கேட்டிருக்கும். அவளுடைய புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. அவரவர் நாயின் வாயை அவரவர் முகர்ந்து பார்த்து, "இருக்குடா, உசிரு இருக்கு!" என்று கூவினார்கள். இந்தக் கூத்துக்கு நடுவில்தான் துரை வந்து நின்றார். கூட்டம் விலகியது. அவர் குரலைக் கேட்டதும் ரெக்ஸ் எழுந்தது. இரண்டு அடி நேராக வைத்தது. மூன்றாவது அடி பக்கவாட்டில் போனது. எதிரே இருந்த மரத்துக்குக் காலைத் தூக்கியது. மரம் என்று அது நினைத்தது துரையின் பூட்ஸை.

துரை பூட்ஸைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். "டிஸ்பென்சர், இது என்ன?"

"தீபாவளிங்க, சார்," என்றார் டாக்டர்.

துரையின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கத் தெரியாமல் அவர் ரெக்ஸைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் 'ஊது' என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும், "நீங்க முதல்ல ஊதுங்க ஐயா," என்று எவனாவது கேட்டிருப்பான்.

அன்று டாக்டர் மட்டும் கொட்டகையை விட்டு வரவில்லை. நாய்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் கரண்டியால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஈரம் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "புகை," என்றார். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஐயா, நீங்க சாப்பிட்டீங்களா?"

யோசித்தார். "காலையில பணியாரம் ஒண்ணு தின்னேன்."

வீட்டுக்குப் போய் வாழை இலையில் சோறும் கோழிக்குழம்பும் கட்டிக்கொண்டு வந்தேன். கருப்பனின் தலை தொடையில் இருந்ததால் அவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே இலையை விரித்து, இடது கையால் அதன் காதைத் தடவிக்கொண்டே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

நான் அந்தத் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ தீபாவளி போய்விட்டது. இப்போதும் தீபாவளியன்று மத்தியானம் இலை போட்டதும், அந்த மனுஷருக்கு யாராவது சோறு கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.