சிங்கப்பூர் விமானமும் விழுப்புரம் பஸ்ஸும்

விமானத்தில் காலே வைக்காமல் உலகத்தையே பறந்து அளந்தவர் ஒருவர்தான். எங்கள் விழுப்புரம் பஸ் கண்டக்டர், "பைலட்".

தொண்ணூறுகளில் நான் வாராவாரம் சென்னையிலிருந்து அந்தத் தனியார் பஸ்ஸில்தான் ஊருக்கு வருவேன். "திண்டிவனம் எப்பப்பா போவும்?" என்று யாராவது கேட்டால், "மூணு மணி நேரம். அதுக்குள்ள பிளேன் டெல்லில எறங்கி, ஆளுங்க வெளிய வந்துடுவாங்க" என்பார். மீனம்பாக்கம் விமான நிலைய நிறுத்தத்தில் பெட்டியோடு ஏறும் ஒருவரையும் விடாமல் விசாரித்து, எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். டிரைவருக்கு எரிச்சல். "ஸ்டியரிங் புடிக்கிறது நானு. பைலட்டு இவனா?"

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு மீனம்பாக்கத்தில் ஓர் அம்மா அழுதுகொண்டே ஏறினார். கண்டமங்கலத்துக்காரர். ஒரே மகன் வேலைக்காகச் சிங்கப்பூர் கிளம்பிவிட்டானாம்.

"கீழ ஒரு புடிமானமும் இல்லாம ஆகாசத்துல போறானேய்யா!"

பைலட் டிக்கெட் கொடுப்பதையே மறந்துவிட்டார். நோட்டைப் பிரித்தார்.

"எத்தினி மணிக்கும்மா பிளேனு?"

"பதினோரு மணின்னான்."

"சிங்கப்பூரு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். நம்ம விழுப்புரம் நூத்தம்பது கிலோமீட்டர், அதுவும் நாலு மணி நேரம். நீயும் உன் புள்ளயும் ஒண்ணாத்தான் போய்க்கினு இருக்கீங்க. அழுவாத!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. "அப்ப யாரு மொதல்ல போறான்னு பாத்துடலாம்!" என்று பின் சீட்டில் ஒருவர் கத்தினார். அவ்வளவுதான், போட்டி ஆரம்பித்துவிட்டது.

மதுராந்தகம் ஏரி வந்தபோது பைலட், "புள்ள நடுக்கடல்ல கீறான், இப்ப சோறு குடுப்பாங்க" என்றார். "கொழம்பு ஊத்துவாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. அழுகை நின்றிருந்தது. திண்டிவனத்தில் டீக்கு இறங்கப் போன டிரைவரை நாங்கள் விடவில்லை. "ஜல்தி எடுண்ணா! பிளேன் மலேசியா மேல வந்துடுச்சு!" ஜன்னல் வழியாகவே அவருக்கு டீ வந்தது.

விக்கிரவாண்டி தாண்டியதும் டயர் வெடித்தது. ஆண்களெல்லாம் குதித்து இறங்கினோம். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் ஜாக்கியோடு மண்ணில் படுத்துவிட்டார். "இன்னும் இருவது நிமிசம்தான்!" என்று பைலட் கூவக் கூவ, எட்டே நிமிடத்தில் ஸ்டெப்னி மாட்டினோம். மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் பஸ் விழுப்புரத்துக்குள் நுழைந்தது. என்ன கைதட்டல்! அந்த அம்மாவும் தட்டினார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவே வந்து ஏறினார். மகனின் கடிதம் வந்திருந்தது. அன்று விமானம் கிளம்பவே இரண்டு மணி நேரம் தாமதமாம். நாங்கள் டீக்குக்கூட இறங்காமல் துடித்த வேளையில் அவன் பாதிக் கடல்கூடத் தாண்டவில்லை.

பைலட்டின் முகம் செத்துப்போனது. "பொய் சொல்லிட்டேனேம்மா."

"அட போய்யா. நீ சொல்லலன்னா நான் ஊருவரைக்கும் அழுதுக்கினே போயிருப்பேன்."

அடுத்த வருடம் விடுப்பில் வந்த மகன், பஸ்ஸைத் தேடி வந்து பைலட்டுக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட்டான். அது சிங்கப்பூர் நேரம் காட்டியது. பைலட் முள்ளைத் திருப்பவே இல்லை. "புள்ள அங்க இருக்கிற வரிக்கும் அது அப்பிடியே ஓடட்டும்" என்றுவிட்டார்.

அதன்பிறகு அவரிடம் மணி கேட்டவர்கள் இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த பஸ்ஸில் போன அத்தனை பேரும், ஒரு வார்த்தை சொல்லாமல், கழித்துக்கொண்டோம்.