அப்பா வாயைத் திறந்துகொண்டு படுத்த கதை

"எஸ்.எஸ்.எல்.சி. படிச்சுட்டா பொட்டப்புள்ள டாக்டருகிட்ட பேசிப்புடுமா?" என்று கேட்டார் பண்ணையின் காரியக்காரர். பேசினேன். பேசாமல் இருந்திருக்கலாம்.

அப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வீட்டில் எல்லாரும் கிளம்பினால் எங்கள் குத்தகை வயலைப் பிடுங்கக் காத்திருக்கும் பண்ணை ஆட்கள் அதில் ஏர் பூட்டிவிடுவார்கள். அதனால் அம்மா வரப்பில் காவல். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நானும் அப்பாவும் மட்டும்.

டாக்டர் தமிழில்தான் ஆரம்பித்தார். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன் (யார் கேட்டார்கள்?). அவரும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். சிறுநீர்ப்பைக்குள் மரு மாதிரி சதை வளர்ந்திருக்கிறது. சிறுநீர் வரும் வழியிலேயே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். நாலு நாளில் வீடு. ஆனால் மறுபடி முளைக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தள்ளிப்போட்டுப் பெரிதாகிவிட்டால் அடிவயிற்றைக் கிழிக்க வேண்டும். ஒரு மாதம் படுக்கை.

"என்ன பாப்பா சொல்றாரு?"

"குழாய் விட்டு எடுப்பாங்களாம்ப்பா. நாலே நாள்தான்."

"எது வழியா?"

வயசுக்கு வந்த மகள் அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வாள்?

"வாய் வழியா."

(இங்கிலீஷில் வகுப்பிலேயே நான்தான் முதல்.)

மறுநாள் அப்பா மேசையில் வாயை ஆவென்று திறந்துகொண்டு படுத்தார். நர்ஸம்மா காலைத் தூக்கிக் கட்டப் போனார். வராந்தாவில் எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏம்மா, வாய் இங்க இருக்கு."

"வாய மூடிக்கிட்டுப் படுங்க பெரியவரே."

அடுத்த நிமிஷம் அப்பா ஆஸ்பத்திரித் துணியோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான்.

அதன்பின் ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தாலே வயலுக்குப் போய்விடுவார். குறுவை அறுப்பு முடிவதற்குள் ரத்தம் கட்டிகட்டியாக வந்தது. இந்தத் தடவை வயிற்றைக் கிழித்தார்கள். அம்மாவும் கூட இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு மாதத்தில் எங்கள் வயலில் பண்ணை வேறு ஆளை வைத்து அடுத்த போகத்துக்குத் தாளடி நட்டுவிட்டது. கேஸ் நடக்கிறது. உழுபவனுக்கே நிலம் என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. எங்கள் வயலுக்கு எதிர்ச் சுவரிலும்.

இப்போதும் வீட்டில் யார் கொட்டாவி விட்டாலும், "தஞ்சாவூருக்குப் பொறப்பட்டாச்சா?" என்பாள் அம்மா. எல்லாரும் சிரிப்பார்கள், அப்பா உட்பட. எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

மூன்று மாதச் சோதனைக்கு நாள் வந்தது. அப்பாவை எதிரில் உட்காரவைத்து, எந்த வழி, எவ்வளவு நேரம், எங்கே வலிக்கும் என்று ஒன்று விடாமல் பெயர் சொல்லியே சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாப்பா."

முதல் பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூருக்கு வந்து ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்துவிட்டேன். அப்பா உள்ளே போயிருக்கிறார்.