மஞ்சள் ரோஜா அருகே எடுத்த மூன்று படங்கள்

அன்புத் தம்பி பரமேஸ்வரனுக்கு,

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அண்ணன் ராதாகிருஷ்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணி குமுதாவும் நலம். அவளுடைய முழங்கால் மட்டும் நலமில்லை. ரவாங்கில் நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும், இதைப் படித்து முடித்த பிறகும்.

"பொண்ணு பாக்குறத வீட்டுலதான் வைக்கணுமாண்ணே? சரிவரலன்னா தாமான்ல அக்கம்பக்கம் முழுக்க கேப்பாங்க" என்று போன மாதம் கேட்டாய். நியாயமான கேள்வி. அதனால்தான் நகராண்மைக் கழகத்தின் ரோஜாத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பது, கல்யாணப் பேச்சே எடுக்காமல் பூவைப் பற்றிப் பேசுவது, பிடிக்காவிட்டால் அவரவர் வழியில் போய்விடுவது என்று ஏற்பாடு. தரகர் பழனியப்பனும் ஒத்துக்கொண்டார். "பையன் பேரு கிஷன், வீடு சாலாக் செலாத்தான்ல, இன்ஜினியர். பத்து மணிக்கு மஞ்சள் ரோஜாகிட்ட நிப்பாங்க சார். அம்மா பச்சை சேலை, பையன் நல்ல உயரம்" என்றார்.

சனிக்கிழமை உன் மகள் ஷாமினியை அழைத்துக்கொண்டு போனோம். சொன்ன இடத்தில் பச்சைச் சேலை அம்மாளும் உயரமான பையனும் நின்றார்கள். வெயில் அதிகம், பூ குறைவு என்று பேச்சைத் தொடங்கினேன். உன் அண்ணி பட்டும் படாமலும், "எந்தப் பக்கம் நீங்க?" என்றாள். "மேரு பக்கங்க" என்றார் அந்த அம்மாள். நான் உன் அண்ணியின் காதில், "பாத்தியா, சாலாக் செலாத்தான எவ்வளவு அழகா மறைக்கிறாங்க" என்றேன். பையனோ, "நான் லோகன், அங்கிள். லோரி ஓட்டுறேன்" என்றான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளின் காரணங்களை முப்பத்தைந்து வருடம் கேட்டவன் நான். இவ்வளவு சரளமாக ஒருவரும் சொன்னதில்லை. ஏற்பாட்டை மதிக்கிற குடும்பம் என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். அறிவையும் சோதிக்க வேண்டுமே. ரோஜா இலையில் கரும்புள்ளி ஏன் வருகிறது என்று கேட்டேன். "இலை மேல தண்ணி ஊத்தக்கூடாது அங்கிள், வேருக்குத்தான் ஊத்தணும். இங்க உரம் இறக்க வருவேன்லா, தோட்டக்காரங்க சொன்னாங்க" என்றான். ஷாமினி சிரித்தாள். உரம் என்பதுகூட நடிப்புதான் என்று நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

எல்லாரும் சேர்ந்து படம் எடுக்கலாம் என்றேன். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பையன் நெடுநேரமாகச் சும்மா நின்றிருந்தான். ஷாமினியிடம் போனைக் கொடுத்து அனுப்பினேன். நல்ல பையன், "கொஞ்சம் கிட்ட நில்லுங்க அங்கிள்" என்று சொல்லி மூன்று படம் எடுத்தான். அவனோடு ஒரு பெண்மணி, அவரும் பச்சைச் சேலைதான், எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். உன் அண்ணி அவரிடம், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க, படத்துல விழுறீங்க" என்றாள். அவர் தள்ளிக்கொண்டார், கார் நிறுத்துமிடம்வரை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பழனியப்பன் போனில் கிடைத்தார். "சார், மாப்பிள்ளைய படம் எடுக்க விட்டீங்களாமே?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "கண்ணாடி போட்டவருதான் சார் கிஷன். நீங்களா வந்து பேசுவீங்கன்னு அரை மணி நேரம் நின்னுருக்காங்க." அப்படியானால் லோகன் யார் என்று கேட்டேன். "எனக்கு எப்படி சார் தெரியும்?"

தம்பி, தவறு முழுக்க என்னுடையது. மேரு என்று சொன்னவர்கள் உண்மையிலேயே மேருதான். வெறுமனே பூப் பார்க்க வந்தவர்கள். சாலாக் செலாத்தானுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பெரிய மனது, வருகிற ஞாயிறு நம் வீட்டுக்கே முறைப்படி வருகிறார்கள். ஷாமினிக்கு வயது இருபத்தொன்பது, இதையும் விட்டால் கஷ்டம் என்று நீ சொன்னது மனதில் இருக்கிறது. நீங்களும் காலையிலேயே வந்துவிடுங்கள். ஷாமினிக்கு நல்ல இடம் அமைந்து, குடும்பத்தோடு தீர்க்காயுசாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணன்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் ஷாமினி வந்தாள். கிஷனின் முகத்தை அவள் இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். அவன் யாரென்று தெரிந்தேதான் போனைக் கொடுத்திருக்கிறாள். "ஏம்மா அப்பவே சொல்லல?" என்றேன். "யாரும் என்னைக் கேக்கல பெரியப்பா. அன்னையிலேர்ந்து நான் லோகன்கிட்ட பேசிட்டுதான் இருக்கேன்" என்றாள். கிஷன் வீட்டார் ஞாயிறு வரவேண்டாம் என்று பழனியப்பனிடம் இப்போதுதான் சொன்னேன். இது கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டு, உனக்கு என்னம்மா விருப்பம் என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.