ஒரு பிஸ்கட் எடை

மொன்டானா மலையடிவாரத்து எல்க் ஃபோர்டு நகர மன்றம், தன் போலீசுக்குப் புதுக் கைத்துப்பாக்கி வாங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எதை வாங்குவது என்று கேட்டபோதுதான் அந்த ஏகமனம் இரண்டாகப் பிளந்தது.

போலீஸ் தலைவி வெர்னா டொல்லஃப்சன் இரண்டு மாதிரிகளை மேஜைமேல் வைத்தாள். இரண்டும் நாற்பத்தைந்து காலிபர். இரண்டும் கோட்டுக்குள் அடங்கும். ஒன்று மட்டும் மற்றதைவிட ஒரு பிஸ்கட் எடை கூடுதல்.

"கனமானதுதான் கையில நிக்கும்," என்றார் உறுப்பினர் டுவைட் ஹாகன்.

"லேசானதுதான் சட்டுன்னு கைக்கு வரும்," என்றார் மேயரம்மா லொரெட்டா.

"எனக்கு எதுவானாலும் சரிங்க," என்றாள் வெர்னா. இந்தப் பொறுப்பற்ற பேச்சுக்கு மன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.

ஊரில் கனக்கட்சியும் லேசுக்கட்சியும் உதயமாயின. சர்ச்சில் கனக்கட்சி வலப்பக்கம் உட்கார்ந்தது. லேசுக்கட்சிக்காரனோடு காபி குடித்த டுவைட்டின் மகளிடம் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முடிவு வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி அணியுமாறு வெர்னாவுக்கு ஆணை பிறந்தது.

சர்ச் விருந்தன்று மலையிலிருந்து கரடி ஒன்று இறங்கி வந்தது. ஜனங்கள் வண்டிகளுக்குள் பாய்ந்தார்கள். டுவைட் பக்கத்திலிருந்த பைன் மரத்தில் ஏறிவிட்டார். கரடி நேரே மரத்தடிக்கு வந்தது. வெர்னா துப்பாக்கியை உருவினாள்.

"ஏம்மா, அது எந்தத் துப்பாக்கி?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"லேசானதுங்க."

"சுட்றாதே! கனமானது எங்கே?"

"ஆபீஸ்ல இருக்கு."

"போய் எடுத்துட்டு வா. நான் இங்கதானே இருக்கேன்."

"உங்க பூட்ஸைப் பிடிச்சு இழுக்குதுங்க!"

"பூட்ஸ் போனாப் போகுது. மனுஷனுக்குக் கொள்கைன்னு ஒண்ணு வேணாமா?"

காருக்குள்ளிருந்து மேயரம்மா கத்தினார்: "சுடு வெர்னா! அந்தாளு நம்ம துப்பாக்கியால பிழைக்கட்டும்!"

கரடி யாரையும் கலந்தாலோசிக்கவில்லை. பூட்ஸைத் துப்பிவிட்டுப் பொரித்த கோழி முழுவதையும் தின்றது. குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து நக்கிவிட்டுக் காட்டுக்குத் திரும்பியது.

மறுநாள் மன்றம் கூடியது. லேசானதைக் கண்டுதான் கரடி ஓடியது என்றார் மேயரம்மா. கனமானது வரப்போகிறதென்று கேட்டுத்தான் ஓடியது என்றார் டுவைட்.

வெர்னா எழுந்தாள். "குப்பைத்தொட்டிக்கு நல்ல மூடி போட்டா கரடி ஊருக்குள்ளேயே வராதுங்க."

இரு கட்சியும் சேர்ந்து தலையாட்டின. வெர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அருமையான யோசனை," என்றார் மேயரம்மா. "பச்சை மூடியா, பழுப்பு மூடியா?"

"இதென்ன கேள்வி?" என்று மேஜையைக் குத்தினாள் வெர்னா. "பழுப்புதான்! பச்சைன்னு சொல்றவனுக்கெல்லாம் மூளை இருக்கா?"